லாலாங் புல்லும் சில பெண்களும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தோருக்கு லாலாங் புல்லைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இடுப்பளவு உயரம் வளரும் புல் அது. இலையின் ஓரம் கையை அறுக்கும். மேலே எத்தனை முறை வெட்டினாலும் அதற்குக் கவலையில்லை. வேர்த்தண்டு மண்ணுக்கடியில் ஊர்ந்து சென்று வேறோர் இடத்தில் தலைநீட்டும். ரப்பர்த் தோட்ட நிருவாகங்களுக்கு அது தீராப் பகை. அப்பகையை ஒழிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தோளில்தான் விழுந்தது. கூலிம் அருகே ஒரு தோட்டத்தில் என் பாட்டி பல ஆண்டுகள் முதுகில் கலனைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தவர். "மருந்து" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நஞ்சு என்று சொன்னவர் எவரையும் நான் கண்டதில்லை.

1987ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிய கைது நடவடிக்கைக்குக் காவல்துறை இந்தப் புல்லின் பெயரையே சூட்டியது. ஓப்பராசி லாலாங். களையெடுப்பு என்று பொருள் கொள்ளலாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதாவது மக்கள் "இசா" என்று அழைத்த அந்தச் சட்டத்தின் கீழ், 106 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். அரசியல்வாதிகள், தொழிற்சங்கவாதிகள், சீனக் கல்வியாளர்கள், சமயத் தொண்டர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், விரிவுரையாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். மூன்று செய்தித்தாள்களின் உரிமமும் பறிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான "தி ஸ்டார்" 1971இல் நம் பினாங்கில் பிறந்த நாளிதழ்.

அப்பொழுது நாங்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் குடியிருந்தோம். நான் ஆறாம் ஆண்டு மாணவி. அப்பா துறைமுகத்திலும் அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையிலும் வேலை செய்தனர். அம்மாவுக்கு வாரம் மாறி வாரம் இரவு வேலை. கீழ்த்தளத்துக் கடையில் "இன்னைக்கு ஸ்டார் இல்ல" என்று கடைக்காரர் சொன்னதும், பெரியவர்கள் தணிந்த குரலில் பேசத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. அதைவிடத் தெளிவாக நினைவிருப்பது வேறொன்று. அந்த வாரத்தில் ஓரிரவு அம்மா அரிசித் தகரத்தின் அடியிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து, அடுப்பில் வைத்து எரித்தார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பழைய தாளு" என்றார்.

அது பழைய தாளன்று. தொழிற்சாலைப் பேருந்தில் ஒரு பெண் கைமாற்றிக் கொடுத்த துண்டறிக்கை. மின்னணுத் தொழிலாளர்க்கு ஏன் சங்கம் வேண்டும் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்ததாம். அக்காலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகளில் தொழிற்சங்கம் அமைக்கவே இடமில்லை. 1988இல் அரசாங்கம் கதவைச் சற்றுத் திறந்தது; அதுவும் அந்தந்தத் தொழிற்சாலைக்குள் முடிந்துவிடும் உட்சங்கம் என்ற அளவில்தான். ஆகவே 1987இல் அப்படியொரு தாளை வீட்டில் வைத்திருப்பது அம்மாவுக்கு அச்சமூட்டியதில் வியப்பில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் இதனை அவரே என்னிடம் சொன்னார்.

லாலாங் கைது என்றதும் நம் மக்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், சந்திரா முசாபர் என்பார்கள். தமிழர்களாயின் வி. டேவிட், பி. பட்டு ஆகியோரையும் சேர்ப்பார்கள். எல்லாம் சரியே. ஆனால் அப்பட்டியலில் பெண்களும் இருந்தனர் என்று சொன்னால், ஆசிரியர் அறையில்கூடப் புருவங்கள் உயர்கின்றன. மீனாட்சி ராமன், ஐரின் சேவியர், சிசிலியா இங், சீ ஹெங் லெங், தெரேசா லிம் சின் சின். இவர்கள் எவரும் தேர்தலில் நின்றவர்கள் அல்லர்; மேடையில் இனத்தைப் பற்றி முழங்கியவர்களும் அல்லர். பிறகு எதற்காக?

மீனாட்சி ராமனிலிருந்து தொடங்குகிறேன். அவர் நம் ஊரில் பணியாற்றியவர், இன்றும் பணியாற்றுகின்றவர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர். எஸ். எம். முகமது இத்ரிஸ் ஐயா பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்திய அச்சங்கத்தைப் பற்றி நம்மவர்க்கு அறிமுகம் தேவையில்லை. சீனியைக் குறையுங்கள், சிமிழ்ப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று தமிழிலேயே இதழ் நடத்தி வீடுவீடாகச் சொன்ன சங்கம் அது. அதன் உடன்பிறப்பான சஹாபாட் ஆலாம் மலேசியா காட்டையும் ஆற்றையும் கடலையும் பார்த்துக்கொண்டது.

ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேரா என்றொரு சிற்றூர். அங்கு ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயக் கழிவு மணலிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. மிஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. அக்கழிவு முறையாகக் காக்கப்படவில்லை என்பதே ஊர்மக்களின் குற்றச்சாட்டு. 1985இல் எட்டுக் குடியிருப்பாளர்கள் ஊருக்காக வழக்குத் தொடுத்தனர். கருவுற்றிருந்த காலத்தில் அத்தொழிற்சாலை வளாகத்தில் கட்டுமான வேலை செய்த ஒரு தாய்க்குப் பல குறைகளுடன் ஒரு மகன் பிறந்தான். தன்னந்தனியாக அவனை இருபதாண்டுகளுக்கு மேல் அவர் வளர்த்த கதை பின்னாளில் உலக நாளிதழ்களில் வந்தது. 1987 செப்டம்பரில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. ஊர்மக்களுக்காக வழக்காடியவர்களுள் மீனாட்சி ராமனும் ஒருவர். அடுத்த மாதமே அவர் தடுப்புக் காவலில் இருந்தார்.

இந்த வரிசையை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுண்டு. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, குழந்தை ஏன் இப்படிப் பிறந்தது, வீட்டுக்குப் பின்னால் கொட்டியது என்ன. இவை ஒரு தாய் கேட்கும் கேள்விகள். இவற்றை நீதிமன்றத்தில் கேட்டவர் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தானவராகி விட்டார்! 47 நாள்களுக்குப் பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அவ்வழக்கு தொடர்ந்து நடந்து, 1992 ஜூலையில் ஊர்மக்கள் பக்கம் தீர்ப்பானது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டிவிட்டது. ஆயினும் 1994 தொடக்கத்தில் அந்நிறுவனம் தானே கடையை மூடிக்கொண்டு சென்றது. மீனாட்சி ராமன் பின்னர் 2004 முதல் 2008 வரை, பல நாடுகளில் கிளைகொண்ட "புவியின் நண்பர்கள்" இயக்கத்தின் அனைத்துலகத் தலைவராகவும் இருந்தார். நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களில் அவரை நான் இதுவரை கண்டதில்லை.

இசா சட்டம் எப்படி இயங்கியது என்பதை இளையோர் அறியவேண்டும். 1960இல் இயற்றப்பட்டது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக என்று சொல்லப்பட்டது. காவல்துறை ஒருவரை 60 நாள் வரை வைத்து விசாரிக்கலாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது பல வேளைகளில் குடும்பத்துக்கே தெரியாது. அதன்பின் உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டாண்டு. மீண்டும் கையெழுத்திட்டால் மீண்டும் இரண்டாண்டு. வழக்கு, சாட்சி, தீர்ப்பு எதுவும் வேண்டியதில்லை. லாலாங் கைதிகளுள் சிலர் நீதிமன்றத்தை நாடியதால் 1989இல் அவ்வழியும் அடைக்கப்பட்டது. அமைச்சரின் முடிவை நீதிமன்றம் நடைமுறைக் காரணங்களுக்காக மட்டுமே ஆராயலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் அறுபது நாள் ஒன்றுதான். வெளியே வந்த பிறகுதான் வேறுபாடு. ஆண் ஒருவன் கமுந்திங் முகாமிலிருந்து திரும்பினால் அவனுக்கு மாலை போடுவோம். பெண் திரும்பினால் நம் அண்டைவீட்டார் முதலில் கேட்பது, "உள்ளே என்ன நடந்திச்சு?" என்பதுதான். அக்கேள்வியில் அக்கறை எத்தனை விழுக்காடு, வேறு எத்தனை விழுக்காடு என்று நான் சொல்ல விரும்பவில்லை.

மற்ற பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்? ஐரின் சேவியர் சஹாபாட் வனித்தா என்ற அமைப்பின் வழியாகத் தொழிற்சாலைப் பெண்களிடையே பணியாற்றினார். என் அம்மாவைப் போன்ற பெண்களிடையே என்று திருத்திச் சொல்கிறேன். சிசிலியா இங், சீ ஹெங் லெங் இருவரும் விரிவுரையாளர்கள். பெண் தொழிலாளர், ஏழை மக்கள், அவர்களது உடல்நலம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதியவர்கள். 1985இல்தான் பெண்கள் அமைப்புகள் சில ஒன்றுகூடிப் பெண்கள்மீதான வன்முறையை எதிர்க்கும் கூட்டுச் செயற்குழுவை அமைத்திருந்தன. பினாங்கில் பெண்கள் நெருக்கடி மையம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். இன்று மகளிர் மாற்றத்திற்கான மையம் என்று இயங்குவது அதுவே. 1987இல் தலைநகரில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடூரத்தை அடுத்து, வன்புணர்ச்சிக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இறங்கினர். அந்த ஆண்டின் இறுதியில்தான் கைதுகள். இயக்கம் அப்பொழுதுதான் நடக்கப் பழகியிருந்தது.

அண்டை நாட்டிலும் அவ்வாண்டு இப்படித்தான். 1987 மே மாதம் சிங்கப்பூரில், மார்க்சியச் சதி என்ற பெயரில் ஒரு கைது நடவடிக்கை நடந்தது. வழக்கறிஞர் தியோ சோ லுங் உட்படப் பல பெண்கள் பிடிபட்டனர். கத்தோலிக்கத் தொண்டர்களாக வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு உதவியவர்களும் அவர்களுள் இருந்தனர். தொழிற்சாலைப் பெண்ணுக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் துணைநிற்பதே சதி என்று இரு கரைகளிலும் ஒரே ஆண்டில் கருதப்பட்டது.

சிறைக்குள் இருந்தவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் ஆகும். கைதானவர்களின் மனைவியர், சகோதரியர், தாய்மார், தோழியர் ஆகியோர் குடும்ப ஆதரவுக் குழுவாகத் திரண்டனர். எந்தக் காவல்நிலையத்தில் கேட்பது, எந்த மனுவை எவ்வாறு எழுதுவது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது, வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளுக்கு யார் கடிதம் தட்டெழுதுவது. இவைதாம் அவர்களது போராட்டம். இக்குழுவினரும் விடுதலையான கைதிகளும் சேர்ந்து 1989இல் சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பைத் தோற்றுவித்தனர். அது இன்றும் இயங்குகிறது. பெண்கள் இயக்கமும் முடங்கிவிடவில்லை. 1988இல் அவாம் என்ற மகளிர் செயல் அமைப்பு உருவானது. பல ஆண்டு வற்புறுத்தலுக்குப் பின் 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி 1996இல் நடப்புக்கு வந்தது. நம் தாய்மார்களில் சிலர் இன்று காவல்நிலையத்தில் துணிந்து புகார் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு இவர்களே காரணம்.

இதனை ஒருநாள் அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அப்பொழுது அவர் ஓய்வுபெற்றிருந்தார். தம்மைப் போன்ற தொழிற்சாலைப் பெண்களுக்காகப் பேசிய பெண்கள் உள்ளே போனார்கள் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்காகவா போனாங்க? அந்தத் தாளத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதியிருந்தா நானும் படிச்சிருப்பேனே. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் அரைகொறையா படிச்சுச் சொன்னா. பயம்தான் முழுசாப் புரிஞ்சிச்சு" என்றார்.

அம்மாவின் சொல்லில் நியாயமுண்டு என்றே நான் நினைக்கிறேன். இந்நாட்டுப் பெண்கள் இயக்கம் நல்ல இயக்கம், துணிச்சலான இயக்கம். ஆனால் அதன் உட்பேச்சு நெடுங்காலம் ஆங்கிலத்தில் நடந்தது. தோட்டத்துப் பெண்ணும் தொழிற்சாலைப் பெண்ணும் அதன் அறிக்கைகளில் எண்ணிக்கையாக வந்தார்கள். அவர்கள் கைக்கு அந்த அறிக்கை வந்து சேர்ந்தது குறைவு. (பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ் இதழ் ஒரு விலக்கு. அதனால்தான் ரைபிள் ரேஞ்சில் எல்லாருக்கும் அதனைத் தெரிந்திருந்தது.) தோழமை என்பது யாருக்காக நிற்கிறோமோ அவருக்குப் புரியும் மொழியில் நிற்பதும்தானே.

தமிழாசிரியை என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். பேச்சுப் போட்டிக்கு "வீரமங்கையர்" என்று தலைப்புக் கொடுத்தால் வேலு நாச்சியாரும் ஜான்சி ராணியும் தவறாமல் வருவார்கள். மொழிக்காகச் சிறை சென்றவர்கள் என்றால் தாளமுத்துவும் நடராசனும் வருவார்கள். 1938 நவம்பரில் சென்னையில் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து சிறை புகுந்த டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் வருவதேயில்லை. அவர்களைத் தொடர்ந்து எத்தனையோ பெண்கள் சிறை சென்றனர். பலர் கைக்குழந்தையுடன் சென்றனர். தமிழுக்காக ஒரு குழந்தை சிறையில் தவழ்ந்திருக்கிறது என்பதைத் தமிழ்ப்பள்ளியில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அக்கதையில் என்னைச் சிந்திக்க வைப்பது ஒரு சிறு செய்தி. மறியலுக்கு முந்தைய நாள் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ. வெ. ரா. அவர்களுக்குப் "பெரியார்" என்ற பட்டம் வழங்கப்பட்டது. (1929இன் இறுதியில் நாகம்மையாருடன் கப்பலேறி நம் பினாங்குத் துறையில் வந்திறங்கிய அதே பெரியார்தான்.) பெண்கள் மறியல் செய்த பிறகு, பெண்களைத் தூண்டினார் என்று அவர்மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். அதாவது, பெண்கள் தாமே முடிவெடுத்துச் சிறைக்குப் போவார்கள் என்று அரசாங்கத்தால் நம்ப முடியவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆண் தள்ளியிருக்கவேண்டும்! இவ்வெண்ணம் அரசாங்கங்களுக்கு மட்டும் உரியதா என்பதை நம் வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம். "யார் பேச்சைக் கேட்டு இப்படி ஆடுற?" என்ற வசனத்தைக் கேளாமல் எந்தப் பெண் வளர்ந்தாள்?

இனி, ஆசிரியைத் தொழிலைவிட்டு வெளியேறிய ஒருவரைப் பற்றி. ஐரின் பெர்னாண்டஸ் கெடாவில் 1946இல் பிறந்தவர். தந்தை ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர். கேரளத்திலிருந்து வந்த குடும்பம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஆசிரியப் பணியைத் துறந்து தொழிலாளர் பக்கம் சென்றுவிட்டார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலையை விடுவது என்றால் என்ன என்பது என் போன்றோர்க்கு நன்றாகவே தெரியும். அவாம் அமைப்பை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1991இல் தெனாகானித்தாவைத் தொடங்கினார். 1995இல், குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அடி உதை, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய், பெண்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை ஆகியவை அதில் இருந்தன. 1996இல் அவர்மீதே வழக்கு. அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ், தீய நோக்குடன் பொய்ச்செய்தி வெளியிட்டார் என்று குற்றச்சாட்டு.

ஏழாண்டுகள் விசாரணை நடந்தது. 2003 அக்டோபரில் 12 மாதச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டின் பேரில் பிணையில் இருந்தார். கடப்பிதழ் நீதிமன்றத்தில் இருந்தது. 2005இல் ஸ்டாக்ஹோமில் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றவர், சொந்த நாட்டில் தண்டனைக் கைதியாகவே இருந்தார். 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கூட்டினால் பதின்மூன்று ஆண்டுகள். அவர் சிறைக்கொட்டடியில் அடைபட்டுக் கிடக்கவில்லையே, அரசியல் கைதி என்று எப்படிச் சொல்வது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். வாரந்தோறும் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்தே ஒருவரின் ஐம்பது வயது அறுபதைத் தாண்டினால் அதற்கு என்ன பெயர் என்று நான் திருப்பிக் கேட்டேன். சிறைக்குச் சுவர் எப்பொழுதும் கல்லால்தான் இருக்கவேண்டுமா? அவ்வழக்கு நடந்த ஆண்டுகளில் நீதிமன்ற இருக்கைகளில் வந்து அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அவருடன் பணியாற்றிய பெண்களும் பிற அமைப்புத் தோழியருமே.

அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிக நெருக்கமானது. நம் பினாங்கில் செயல்படும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தின் ஆசிய பசிபிக் வலையமைப்புடன் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றித் தெனாகானித்தா ஓர் ஆய்வை 2002இல் வெளியிட்டது. மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், தோல் புண், உதிரும் நகம். பக்கத்தைப் புரட்டியபொழுது என் பாட்டியின் கைகளைத்தான் கண்டேன். பாட்டியின் பெருவிரல் நகம் பாதி இல்லாமலேயே இருந்தது. ஏதோ பிறவிக் குறை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவ்வாண்டு அரசாங்கம் பாராகுவாட் மருந்துக்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல்நாள் தொடங்கியே முழுத்தடை. லாலாங் புல்லைக் கொல்ல அடித்த மருந்து யாரையெல்லாம் கொன்றது என்று கேட்டவர் 2014 மார்ச் 31ஆம் நாள் மறைந்தார். முழுத்தடையை அவர் பார்க்கவில்லை.

இசா சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் "சொஸ்மா" வந்தது. 28 நாள் தடுப்புக் காவல். பிறகு குற்றஞ்சாட்டினால் பெரும்பாலும் பிணை கிடையாது. 2016 நவம்பர் 18ஆம் நாள், பெர்சே ஐந்தாம் பேரணிக்கு முந்தைய நாள், அதன் தலைவர் மரியா சின் அப்துல்லா இச்சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டார். அவரும் 1980களின் பெண்கள் இயக்கத்தில் வளர்ந்தவரே. சன்னலில்லாத அறையில், விளக்கணையாத தனிச்சிறையில் பத்து நாள் இருந்தார். ஒவ்வோர் இரவும் கோலாலம்பூரில் மெழுகுவர்த்தி ஏந்தி மக்கள் கூடினர். அவருடைய மூன்று மகன்களும் அங்கே நின்றனர். 1987இல் எங்கள் அடுக்குமாடியில் தாளை எரித்தோம். 2016இல் மெழுகுவர்த்தியை எரித்தார்கள். நாடு சற்று மாறித்தான் இருக்கிறது.

2022 மார்ச்சில் அந்த 28 நாள் விதியை நீட்டிக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஜூலையில் மறுபடியும் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. இச்சட்டத்தில் பிடிபடுவோருள் நம் இன இளைஞர்கள் பலர். குண்டர் கும்பல் தொடர்பு என்று குற்றஞ்சாட்டப்படுகிறது. அவர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. குற்றம் என்ன என்பதை நீதிமன்றம் சொல்லும்வரை வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அண்மையில் ஒரு மாணவியின் தாய் பள்ளிக்கு வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் பிடிபட்டுப் பன்னிரண்டு நாள். மகள் வகுப்பில் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் மலாய்மொழியில் நான்கைந்து தாள்கள். "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்வீங்களா? வக்கீல்கிட்ட கேக்கப் பயமா இருக்கு. எல்லாரும் ஏதோ சொல்றாங்க" என்றார்.

அரசாங்க ஊழியர் இதில் தலையிடலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் மெல்லக் கேட்டார். ஒரு தாளை மொழிபெயர்த்துச் சொல்வதைத் தடுக்கும் விதி எதுவும் என் பணி ஒழுங்கு நூலில் எனக்குத் தென்படவில்லை. பள்ளி முடிந்தபின் நூலகத்தில் உட்கார்ந்தோம். வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். எந்தப் பிரிவு, எத்தனை நாள், எப்பொழுது பார்க்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை என்ன. அவர் மகளின் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தம் கையால் தமிழில் எழுதிக்கொண்டார். மூன்றாம் ஆண்டு மாணவியின் எழுத்தைப் போல உருண்டையான எழுத்து. ஓர் எழுத்தும் பிழையில்லை. அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவராம்.

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தபொழுது இன்னும் இரண்டு பெண்கள் உடன் வந்தனர். ஒருத்தியின் கணவர், இன்னொருத்தியின் தம்பி. பயிற்சிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அவர் ஏற்கனவே இருவருக்கும் படித்துக் காட்டியிருந்தார். புரியாமல் போன இரண்டு இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்.